மரக்காணத்து உப்பும் மன்னர்களின் எல்லையும்

பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் அசோக சாம்ராஜ்யத்தின் படத்தைப் பார்த்திராதவர்கள் நம்மில் இரார். இந்தியாவின் பெரும் பகுதிக்கு ஒரே வர்ணம் பூசப்பட்டிருக்கும். தெற்கே வந்ததும் அந்த வர்ணம் ஒரு கோட்டோடு நின்றுவிடும். அந்தக் கோடு ஓடிய இடத்தில் உண்மையில் என்ன இருந்தது? மதிலா, மலையா, ஆறா, அல்லது வேல் பிடித்த காவற்காரன் ஒருவனா? ஆசிரியரைக் கேட்கும் துணிவு அந்த வயதில் நமக்கு இருந்ததில்லை. பரீட்சையில் படம் வரையச் சொன்னபோது கோட்டைச் சற்றுக் கீழே இழுத்து, மௌரியருக்கு இரண்டு ஜில்லாக்களைத் தானம் செய்துவிட்டு வந்தவர்களும் உண்டு!

இந்தக் கேள்விக்கு விடை தேடச் சீனத்துப் பெருஞ்சுவருக்கோ, ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் எழுப்பிய கோட்டைகளுக்கோ போயாக வேண்டும் என்பதில்லை. சென்னைக்குத் தெற்கே சுமார் 75 மைல் தூரத்தில், வெயிலில் வெளுத்துக் கிடக்கும் மரக்காணத்துக்குப் போனால் போதும். கடல், கழி, ஆறு, மலை என்னும் இயற்கை எல்லைகளும், கோட்டை, கால்வாய், மதில், சுங்கம் என்னும் மனிதன் வகுத்த எல்லைகளும் அங்கே ஒரு நாள் பிரயாணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றோடு, அந்த எல்லைகளையெல்லாம் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தாண்டி வந்திருக்கும் பொருள் ஒன்றும் அங்கே வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கிறது. அதுதான் உப்பு.

கடற்கரைச் சாலையில்

மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றோம். வழியில் பாலாறு குறுக்கிட்டது. ஆறு என்று சொன்னோமே தவிர, நாங்கள் கண்டது மணல்தான். பாலத்தைக் கடக்க இரண்டு நிமிஷங்கள்கூட ஆகவில்லை. பல்லவர் காலத்தில் ஒரு சேனை இதே ஆற்றை வெள்ளக் காலத்தில் கடக்க எத்தனை நாள் காத்திருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். ஆறு எல்லையாக இருப்பது மழைக்காலத்தில்தான். கோடையில் அதுவே அகன்ற ராஜபாட்டையாகிவிடுகிறது.

கடப்பாக்கத்தில் இறங்கி ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்தோம். கழியின் கரையில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய கோட்டை அது. 1750ஆம் ஆண்டில் இது புதுச்சேரிக் கவர்னர் டூப்ளேயின் வசம் வந்தது. பத்தே ஆண்டுகளில், 1760இல், ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்துவிட்டனர். இன்று எஞ்சியிருக்கும் சுவர்களை மனிதன் கொஞ்சம் இடித்தான், கடல் கொஞ்சம் தின்றது என்று சொல்லலாம். எல்லையைக் காக்கக் கட்டிய கோட்டை எல்லையைக் காத்தது பத்து வருஷம். சித்திரம் எழுதுகிறவர்களுக்கு விருந்தளித்து வருவது இருநூற்றைம்பது வருஷங்களுக்கு மேல்!

இந்தப் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். கழிகளுக்கு இடையே அமைந்த நாடு என்பது பொருள். நில அமைப்பையே பெயராகக் கொண்ட இவ்வழகிய நாட்டு நல்லூர்தான் சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் ஊர். அவர் பாடியது ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனை. இன்றைய திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலும், கடற்கரையிலிருந்த எயிற்பட்டினமும் அம்மன்னனுடைய ஊர்கள். அந்த எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர்களின் கருத்து.

சாலைக்கு ஒரு பக்கமாக எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது பக்கிங்ஹாம் கால்வாய். ஆந்திர தேசத்திலிருந்து கடற்கரையை ஒட்டி வெட்டப்பட்ட இந்த நீர்வழி, சென்னையை ஊடறுத்து வந்து, மரக்காணத்தருகே முடிவடைகிறது. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தது 1877-78ஆம் வருஷத்துப் பஞ்சத்தின்போது. கூலிக்கு மண் வெட்டிய பஞ்சப் பட்டாளத்தின் உழைப்பில் உருவான பகுதிக்கு அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கிடைத்தது. ஒரு காலத்தில் விறகும் உப்பும் படகு படகாக இவ்வழியே சென்னைக்குப் போயின. இன்று படகைக் காணோம். ஆகாயத்தாமரையும் கோரையுந்தான் கண்ணில் பட்டன.

உப்பு விளையும் விதம்

மரக்காணத்தை நெருங்கியதும் கண் கூசத் தொடங்குகிறது. சாலைக்கு இரு பக்கமும் பாத்தி பாத்தியாக நீர், நீரிலே வானம், வரப்புகளின் மேல் உப்புக் குவியல்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர்களில் இவ்வளங்கள் விரிந்து கிடக்கின்றன.

உப்பு விளைவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு காலைப் பொழுது இங்கே நின்று பார்க்க வேண்டும். உவர்நீரை முதலில் ஒரு தேக்கத்தில் நிறுத்துகிறார்கள். வெயிலும் காற்றும் அதைச் சுண்டச் செய்கின்றன. பிறகு ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றுகிறார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு வகைகள் கரைந்திருக்கின்றன. அந்த நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் உப்பு படிகமாக இறங்கத் தொடங்கும். அதற்கு முன்னரே சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. உப்பு இறங்கிய பின் எஞ்சுவது கசப்பு நீர். அதையும் சுண்டவிட்டால் உப்பு கசந்துபோகும். ஆகையால், எப்போது நீரை விடுவது, எப்போது உப்பை வாருவது, எப்போது கசப்பு நீரை வெளியேற்றுவது என்பதிலேதான் தொழிலின் திறமையெல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு வரப்பும் ஒரு பக்குவத்து நீரை மற்றொரு பக்குவத்து நீரிலிருந்து பிரித்து வைக்கிறது. வரப்பு இல்லாவிட்டால் உப்பு இல்லை.

நீண்ட பிடி போட்ட மரப்பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை அணுகிப் பேச்சுக் கொடுத்தோம்.

"ஐயா, உங்கள் பாத்தி எதுவரை?" என்று கேட்டோம்.

"இந்த வரப்பு வரைக்குங்க. அந்தப் பக்கம் வேற ஆளுது" என்றார் அவர்.

"மழைக்காலத்தில்?"

முதியவர் சிரித்தார். "மழை வந்துட்டா ஏதுங்க வரப்பு? எல்லாம் ஒரே தண்ணிதான். தை பொறந்ததும் மறுபடியும் மண்ணை மிதிச்சு, வரப்பைக் கட்டி, பாத்தியைச் சரி பண்ணணும். எங்க அப்பாரு காலத்துலயும் அப்படித்தான்."

அவருடைய கால்களைப் பார்த்தோம். உப்புநீரில் ஊறி ஊறிப் பாதங்கள் வெடித்திருந்தன. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் எங்களால் பத்து நிமிஷம் பார்க்க முடியாத வெளிச்சத்தில் அவர் ஐம்பது வருஷங்களாக நின்றுகொண்டிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. நம் வீட்டு அடுக்களையில் எந்த நாளும் தீராத பொருளை விளைவிப்பவர்கள் வீட்டில் வருஷத்துக்குச் சில மாதங்கள் அடுப்பு மந்தமாகவே எரிகிறது.

மதிலும் கடலும்

எயில் என்றால் மதில். எயிற்பட்டினம் என்றால் மதில் சூழ்ந்த பட்டினம். கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூலில், சோழமண்டலக் கரைத் துறைமுகங்களாகக் கமரா, பொடுகே, சோபட்மா என்னும் மூன்று பெயர்கள் வருகின்றன. பொடுகே என்பதைப் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டோடு சேர்த்துச் சொல்வர். சோபட்மா என்பது சோபட்டினம். பழந்தமிழில் 'சோ' என்றாலும் அரண் என்றே பொருள். ஆகவே அது எயிற்பட்டினமே என்று கொள்ளும் ஆராய்ச்சியாளர் பலர்.

கடல் என்னும் பெரிய அகழி கிழக்கே இருக்கும்போது இவ்வூருக்கு மதில் எதற்கு? கடல் அகழி அன்று என்பதே விடை. யவனனுடைய கலம் வந்தது கடல் வழியாகத்தான். அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டைகள், படுத்துறங்கும் ஒட்டகங்களைப் போல் எயிற்பட்டினத்துக் கரையில் கிடந்ததாகவும், பரதவர் வீடுகளில் அவற்றையே விறகாக எரித்ததாகவும் சிறுபாணாற்றுப்படை வருணிக்கிறது. அகில் விளையும் தேசம் எங்கே, மரக்காணம் எங்கே! பள்ளிக்கூடத்துப் படத்தில் நிலம் முடிகிற இடத்தில் கடல் தொடங்குகிறது. மரக்காணத்துப் பரதவருக்கோ அங்கேதான் பாதை தொடங்கியது.

இங்குள்ள பூமீசுவரர் கோயிலுக்குச் சென்றோம். தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ள கற்றளி இது. சுவர்களில் முதல் ராஜராஜன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. ராஜராஜன் அரசு கட்டில் ஏறியது 985இல். அதற்குச் சுமார் முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன், 949இல், தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் கையில் தொண்டை மண்டலம் சிக்கியது. பாலாறும் அவனைத் தடுக்கவில்லை. வடக்கே இருந்த மலைகளும் தடுக்கவில்லை. இழந்த மண்ணைச் சோழர் மீட்டுக்கொண்ட பிறகு, அந்த மண்ணின் கடற்கரையில் எழுந்த கற்கோயில்களில் ஒன்று இது. மதிலின் பெயர் கொண்ட பட்டினத்தில் மதில் போய்விட்டது, கோயில் நிற்கிறது.

ஆறும் மலையும் எல்லையா?

தமிழகத்துக்கு வேங்கடமும் குமரியும் எல்லை என்று சொல்வது தொன்றுதொட்ட வழக்கம். அவ்வாறே சோழநாட்டுக்குக் கிழக்கே கடல், தெற்கே வெள்ளாறு, வடக்கே மற்றொரு வெள்ளாறு, மேற்கே கோட்டைக்கரை என்று நான்கு எல்லைகள் கூறுவர். தொண்டை மண்டலத்துக்கு வட பெண்ணை, தென் பெண்ணை என்ற இரு ஆறுகளையும் எல்லையாகச் சொல்வதுண்டு. இந்தப் பட்டியலில் மூன்று பக்கம் இயற்கை வகுத்தவை. கோட்டைக்கரை ஒன்றுதான் மனிதன் போட்டது. மாயனூருக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள மதுக்கரையில் சேர, சோழ, பாண்டிய நாடுகள் மூன்றும் கூடின என்றும், அங்கே பெரியதொரு மண் கரை எழுப்பி எல்லை பிரித்தார்கள் என்றும் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். எல்லைத் தெய்வமாக அவ்விடத்தில் செல்லாண்டியம்மன் வீற்றிருக்கிறாள்.

ஆனால், கல்வெட்டுகளைக் கொண்டு சோழர் காலத்து நாடுகளை ஒவ்வொன்றாகப் படத்தில் குறித்துப் பார்த்த அறிஞர் எ. சுப்பராயலு முதலியோர் வியப்பான ஒரு விஷயத்தைக் கண்டார்கள். உழவர்கள் தாமாகக் குடியேறி உருவாக்கிய சிறிய நாடுகள் பலவற்றுக்கு ஆறு எல்லையாகவே இல்லை. நாட்டின் நடுவே ஆறு ஓடியது. இரு கரை ஊர்களும் ஒரே நாட்டைச் சேர்ந்திருந்தன. மாறாக, ராஜராஜன் காலத்தில் அரசாங்கம் வகுத்த பெரிய வளநாடுகளோ, இன்ன ஆற்றுக்கும் இன்ன ஆற்றுக்கும் இடைப்பட்டது என்று ஆறுகளைக் கொண்டே குறிக்கப்பட்டன. உழவனுக்கு ஆறு பிழைப்பைத் தருவது. இரு கரையையும் சேர்ப்பது. மேலிருந்து பார்க்கும் அரசாங்க அதிகாரிக்கு அதுவே வரி கணக்கெழுத வசதியான கோடு. இயற்கை எல்லை என்று நாம் சொல்வதில் எவ்வளவு இயற்கையினுடையது, எவ்வளவு கணக்கப்பிள்ளையினுடையது என்பது யோசிக்கத்தக்கது.

தொடக்கத்தில் சொன்ன அசோகன் படத்துக்கு வருவோம். தன் ராஜ்யத்தின் தென்னெல்லை எது என்பதை அச்சக்கரவர்த்தி ஆற்றின் பெயராலோ மலையின் பெயராலோ சொல்லவில்லை. எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று மனிதர்களின் பெயரால் பாறையில் பொறித்தான். அவர்களுடைய நாடுகளிலும் மனிதருக்கும் கால்நடைகளுக்கும் வைத்தியம் கிடைக்க ஏற்பாடு செய்ததாகவும், மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொண்டுவந்து நடச் செய்ததாகவும் இரண்டாம் பாறைச் சாசனம் கூறுகிறது. எல்லைக்கு வெளியே படையை அனுப்பியவர்கள் ஆயிரம் பேர். மருந்தை அனுப்பினேன் என்று எழுதி வைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கல்லும் கள்ளியும்

மலையும் மதிலும் ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு பலம் என்பதற்கும் இந்த வட்டாரத்திலேயே சான்று உண்டு. மரக்காணத்திலிருந்து மேற்கே திண்டிவனம் வழியாகச் சென்றால் செஞ்சி. அங்கே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்கள் வளைத்துக் கட்டியிருக்கின்றன. 1677இல் சிவாஜி மகாராஜா இதைக் கைப்பற்றினார். 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் முற்றுகையிட்டான். கோட்டை விழுந்தது 1698இல். எட்டு வருஷம் ஒரு பேரரசையே நிறுத்தி வைத்த இடம் இது. மராட்டியரின் மற்றக் கோட்டைகளோடு இதையும் 2025இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றார்கள். ஆயினும் அங்கே காக்கப்பட்டது கோட்டைக்குள் இருந்த அரசன். வெளியே இருந்த வயல்களும் ஏரிகளும் இரு படைகளின் தயவில்தான் கிடந்தன.

ராஜ்யத்துக்குச் சுவர் எழுப்பியவர்கள் அதற்குச் செலவும் செய்ய வேண்டியிருந்தது. ஹேட்ரியன் சக்கரவர்த்தி கி.பி. 122இல் பிரிட்டனில் எழுப்பத் தொடங்கிய மதில் 73 மைல் நீளமுள்ளது. ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் ஒரு வாயில் வைத்தார்கள். ஆளே போகக் கூடாது என்றால் வாயில் எதற்கு? போவோர் வருவோரை அரசாங்கத்தின் கண்முன் வரச் செய்வதே அதன் உத்தேசம். சீனத்திலோ, வடவெல்லையில் ஹூணர்களை எதிர்த்துப் போரிட்ட வூ சக்கரவர்த்தி, பொக்கிஷம் வற்றியபோது கி.மு. 119இல் உப்பையும் இரும்பையும் அரசாங்கத்தின் ஏகபோகமாக்கினான். அவனுக்குப் பின் கி.மு. 81இல் அரசவையில் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. எல்லையைக் காக்கப் பணம் வேண்டாமா என்றனர் மந்திரிகள். ஏழையின் உப்பை விற்றா எல்லையைக் காப்பது என்றனர் புலவர்கள். பெருஞ்சுவரின் காவலுக்கு உப்பும் பணம் கொடுத்தது!

நம் நாட்டுப் பழைய எல்லைகளில் மிகவும் மனத்தைக் கவர்வது இவை ஒன்றும் அல்ல. பல்லவ, சோழ மன்னர்கள் ஓர் ஊரைத் தானமாகக் கொடுத்தபோது எல்லை குறித்த முறைதான். பெண் யானையை ஊரைச் சுற்றி நடக்க விடுவார்கள். அது நடந்த வழியில் கல் நாட்டிக் கள்ளியும் நடுவார்கள். கிழக்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, தெற்கெல்லை இன்ன புற்றுக்கு வடக்கு என்று செப்பேட்டில் எழுதுவார்கள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோதும் இப்படியே நடந்தது. கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசன் கட்டிய புத்த விகாரம், கொடுத்தவன் சிவபக்தன், எல்லை காட்டியது ஒரு பிடி. அந்தக் கள்ளி வேலி யாரையும் தடுப்பதற்காக நடப்பட்டது அன்று. இதற்குள் விளைவது விகாரத்தைச் சேர்ந்தது, இனி அரசனும் இதில் கை வைப்பதற்கில்லை என்று காட்டுவதற்காக நடப்பட்டது.

உப்பை மறித்த வேலி

அதே கள்ளியைக் கொண்டு வேறு விதமான வேலியும் இந்நாட்டில் எழும்பியது. அந்தக் கதையைச் சொல்லாமல் மரக்காணத்தைப் பற்றி எழுத முடியாது.

நெய்தல் நிலத்து உப்பை மருத நிலத்துக்கும் குறிஞ்சிக்கும் கொண்டு சென்றவர்கள் உமணர். மனைவி மக்களோடும், பிள்ளைகளோடு விளையாடும் மந்தியோடும், வரிசை வரிசையாக வண்டி கட்டிக்கொண்டு அவர்கள் சென்ற காட்சி சங்க நூல்களில் வருகிறது. அவர்கள் கடந்த ஆறும் காடும் மலையும் எத்தனையோ; அரசர்களின் எல்லைகளும் எத்தனையோ. வழியில் சுங்கம் இல்லாமல் இல்லை. சுங்கச்சாவடியில் வில் வீரர் காவல் நின்றதைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரத்தில் எல்லைக் காவலுக்கு அந்தபாலன் என்னும் அதிகாரியும், உப்புக்கென்றே ஓர் அத்தியட்சனும் உண்டு. ஆனாலும், சுங்கத்தை நீக்கியதையே பெரும் புகழாகக் கொண்டு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்ற முதற் குலோத்துங்கனும் நம்மிடையே இருந்தான். மக்கள் மனத்தில் எது நின்றது என்பதற்கு அந்தப் பட்டப்பெயரே சாட்சி.

பிறகு கும்பினியார் வந்தார்கள். 1805இல் சென்னை ராஜதானியின் உப்பு முழுவதையும் தங்கள் ஏகபோகமாக்கினார்கள். அடுத்த வீட்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் உப்பு விளைத்து விற்றால் ஏகபோகம் என்னாவது? 1815இல் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பிரெஞ்சு அரசாங்கத்துக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுத்து அவர்களுடைய உப்பு வாணிகத்தை வாங்கிக்கொண்டார்கள். 1818இல் அங்கே உப்புக் காய்ச்சுவதையே நிறுத்திவிட்டு, உப்பளக்காரர்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 வராகன் கொடுக்க ஏற்பாடாயிற்று. ஒரே கடல், ஒரே வெயில், ஒரே மண்; மரக்காணத்தில் உப்பு விளையலாம், அதற்கு இருபது மைல் தெற்கே விளையக் கூடாது! அந்தப் பழைய எல்லையை இன்றும் பார்க்கலாம். மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் கனகசெட்டிகுளம், காலாப்பட்டு வந்ததும் புதுச்சேரி தொடங்குகிறது. சற்று தூரத்தில் மறுபடி தமிழ்நாடு. பிறகு மீண்டும் புதுச்சேரி. 1954இல் பிரெஞ்சு ஆட்சி போய்விட்டது. எல்லை மாறியதை இன்று கடைகளின் பெயர்ப்பலகைகளைக் கொண்டுதான் அறிய வேண்டியிருக்கிறது.

வடக்கே நடந்தது இதனினும் பெரிது. சுதேச சமஸ்தானங்களின் உப்பு, வரி கொடாமல் ஆங்கிலேயர் சீமைக்குள் வராதபடி ஒரு சுங்க வேலி போட்டார்கள். 1869இல் அது சிந்து நதியிலிருந்து மகாநதி வரை 2,300 மைல் நீண்டது. சுமார் 12,000 பேர் இரவு பகலாகக் காவல் நின்றார்கள். கருவேல், இலந்தை, களா, கள்ளி, சப்பாத்தி ஆகிய முட்செடிகளை நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த உயிர்வேலி அதன் பெரும் பகுதி. சில இடங்களில் 12 அடி உயரமும் 14 அடி கனமும் இருந்ததாம். உமணரின் வண்டிகள் நிற்காத நாட்டில் ஒரு கைப்பிடி உப்புக்காக மனிதனை நிறுத்திச் சோதித்தார்கள். இந்த வேலியை முழு மூச்சாக வளர்த்த சுங்கக் கமிஷனர் யார் தெரியுமா? ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885இல் இந்திய தேசிய காங்கிரஸ் பிறக்க முன்னின்றவரும் அவரே. விதியின் விளையாட்டு என்பது வேறென்ன?

1879 ஏப்ரல் 1ஆம் தேதி அந்த வேலியைக் கைவிட்டார்கள். ஏழைக்கு இரக்கப்பட்டு அல்ல. உப்பு விளையும் இடங்களெல்லாம் சர்க்கார் கைக்குள் வந்துவிட்டபடியால் வழியில் மறிக்கும் தேவை நீங்கியது. வேலி போயிற்று, வரி நின்றது. 2,300 மைல் வேலி இருந்த இடத்தில் இன்று தேடினாலும் ஏதோ சில மேடுகளே அகப்படுகின்றன. ஆனால் வரியை அகற்ற 1930இல் காந்தியடிகள் தண்டிக்கு நடக்க வேண்டியிருந்தது. ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. அந்தத் தொண்டர்கள் கடற்கரையில் அள்ளியது ஒரு பிடி உப்பு. சர்க்கார் அதைப் பறிக்கக் கைவிரல்களை நெரித்தது. 1947 ஏப்ரலில், சுதந்திரத்துக்குச் சில மாதங்களுக்கு முன், உப்பு வரி ஒழிந்தது.

ஆகவே, சாம்ராஜ்யத்தின் எல்லை எது என்னும் கேள்விக்கு மரக்காணம் தரும் விடை இதுதான்: ஆறு அன்று, மலை அன்று, மதிலுங்கூட அன்று, ஏழையின் மூட்டையை அவிழ்க்கச் சொல்லும் அதிகாரம் எங்கே நிற்கிறதோ அதுவே எல்லை.

கழுவெளியின் கரையில்

மாலையில் கழுவெளிக்குச் சென்றோம். மரக்காணத்தை ஒட்டி, முகத்துவாரத்தின் வழியே கடலோடு தொடர்பு கொண்ட பெரிய உவர்நீர் ஏரி அது. மழைநீரும் கடல்நீரும் அங்கே கலக்கின்றன. கூழைக்கடாக்களும் நாரைகளும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. 2021 டிசம்பரில் இதில் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் நிலங்களின் வரிசையிலும் சேர்ந்தது.

ஆக, இங்கேயும் ஓர் எல்லை வகுத்தாயிற்று. ஆனால் ஏரிக்கு எல்லை போடுவது எளிதன்று. ஐப்பசியில் அது எங்கெங்கோ பரவும். வைகாசியில் சுருங்கி வெடித்த சேறாகிவிடும். கோடைக் கரையை எல்லை என்றால் மழைக்காலத்து ஏரி நம் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடும். மழைக்காலக் கரையை எல்லை என்றால், கோடையில் காலியாகக் கிடப்பதைப் பார்த்து, இது யாருக்கும் உதவாத நிலம் என்று சொல்லி வளைத்துக்கொள்ள ஆசை பிறக்கும். கரையோரத்தில் மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், உப்பு வாருபவர் எல்லாரும் இந்த நீரையே நம்பியிருக்கிறார்கள். அவர்களையும் பறவைகளையும் சேர்த்துக் காப்பதாக இந்த எல்லை அமைந்தால், ராஜராஜன் ஆனைமங்கலத்தில் நட்ட கள்ளியைப் போன்றது. அவர்களை மட்டும் வெளியே தள்ளுவதாக அமைந்தால், ஹியூம் துரை நட்ட கள்ளியைப் போன்றது. செடி ஒன்றுதான், நட்ட நோக்கம் வேறு.

மரக்காணத்துக்குப் போக விரும்பும் நேயர்கள் மாசிக்கும் ஆவணிக்கும் இடையில் போவது நல்லது. அப்போதுதான் உப்பு வாருவதைக் காணலாம். விடியற்காலையில் போனால் வெயிலின் கொடுமை இராது. குழந்தைகளை வரப்புகளின் மேல் ஓட விட வேண்டாம். ஒரு வரப்பு உடைந்தால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு கரைந்துபோகும். பூமீசுவரர் கோயிலையும் ஆலம்பரையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். திரும்பும்போது உப்பளத்தில் ஒரு சிறு மூட்டை கல்லுப்பு வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் அதை அவிழ்க்கச் சொல்வார் இப்போது யாரும் இல்லை.